நெபுதா வெளிச்சத்தில் முகங்கள்: தோஹோகு திருவிழா நாட்குறிப்பு

ஆகஸ்ட் 2, டோக்கியோ

ஜப்பானின் வடகிழக்குப் பகுதியான தோஹோகுவில் பெரிய கோடைத் திருவிழாக்கள் எல்லாம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். ஹிரோசாகி 1 முதல் 7 வரை, அவோமோரி 2 முதல் 7 வரை, அகிதா 3 முதல் 6 வரை, கோஷோகவாரா 4 முதல் 8 வரை. அகிதாவில் மூங்கில் கழியில் விளக்குகள். மற்ற மூன்றிலும் நெபுதா அல்லது நெப்புதா, அதாவது காகிதத்தால் செய்து உள்ளே விளக்கேற்றித் தெருவில் இழுத்துவரும் பெரிய ஊர்திகள். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் ரயிலில்தான் இருப்போம். இந்தப் பயணத்தின் வரிசை இது: 3 அகிதா, 4 கோஷோகவாரா, 5 ஹிரோசாகி, 6, 7 அவோமோரி. அகிதாவிலிருந்து அவோமோரிக்குப் போகும் ஓஉ ரயில் பாதையில் இடையில் இருக்கிறது ஹிரோசாகி. அதனால் கோஷோகவாராவுக்குப் போய்வருவதைத் தவிர அதிகம் திரும்பி வர வேண்டியதில்லை. செண்டாய் நகரின் தனபாதா திருவிழா 6-ஆம் தேதி தொடங்குகிறது. அழகான காகிதத் தோரணங்கள்தான். ஆனால் அங்கே இழுப்பவர், தூக்குபவர், ஆடுபவர் என்று உழைக்கும் மனிதர்கள் குறைவு என்பதால் பட்டியலில் இல்லை.

ஷிங்கான்சென் முன்பதிவு பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். வடக்கே போகும் ஹயாபுசா, கோமாச்சி வண்டிகள் இரண்டிலும் எல்லா இருக்கையும் முன்பதிவு இருக்கைதான். விடுதி அதைவிடச் சிக்கல். அவோமோரி நகருக்குள் பல மாதம் முன்பே அறை தீர்ந்துவிடும். ஹிரோசாகியில் தங்கிக்கொண்டு முக்கால் மணி நேர ரயிலில் போய்வருவதே வசதி, கடைசி வண்டி நேரத்தைக் கையில் எழுதி வைத்துக்கொண்டால்.

பையில் 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜூம் ஒன்று, 35 மற்றும் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இரண்டு. முக்காலி 7-ஆம் தேதிக்கு மட்டும். ஃபிளாஷ் வேண்டாம். இங்கே எல்லாமே உள்ளிருந்து ஒளிரும் காகிதம். வெளியிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் காகிதத்தின் மேல்பரப்பு வெளுத்து, ஒட்டும் கம்பியும்தான் தெரியும். ஒரு பெரிய ஜிப் பை கட்டாயம். ஏசி அறையில் குளிர்ந்த கேமராவை ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் வெளியே எடுத்தால் லென்ஸ் உடனே பனித்துப்போகும். கிளம்புவதற்கு அரை மணி முன் பைக்குள் போட்டு மூடி, அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். துடைத்தால் போகாது. உள் கண்ணாடியில் படிந்தால் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை.

இன்னொன்று மின்சாரம். கிழக்கு ஜப்பான் 50 ஹெர்ட்ஸ், மேற்கு ஜப்பான் 60. தோஹோகு 50. தெருவிளக்குகளில் பல வினாடிக்கு 100 முறை துடிக்கும். 1/50, 1/100 வினாடிகளில் பிரச்சினை இல்லை. அதைவிட வேகமாகப் போனால் ஒரு படம் பச்சை, அடுத்தது இருட்டு என்று மாறி மாறி வரும், சிலசமயம் குறுக்குப் பட்டை விழும். கேமராவில் துடிப்புத் தவிர்ப்பு வசதி இருந்தால் போட்டுவைக்கலாம். கியோட்டோவில் சரியாக வந்த அமைப்பு இங்கே சொதப்புவதற்குக் காரணம் இதுதான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானில் 'ஷோசோகென்', அதாவது தன் உருவத்தின் மீதான உரிமை, தனிச் சட்டமாக எழுதப்படவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளால் நிலைபெற்றது. 1969-இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் முகத்தை அனுமதியின்றி எடுக்கலாகாது என்பதை ஒரு சுதந்திரமாக ஏற்றது. 2005-இல், சமூக வாழ்வில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவை மீறியதா என்று பார்க்க வேண்டும் என்றது. ஊர்வலத்தில் ஆடுபவரை எடுப்பது வேறு, ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பார்வையாளரை 85 மி.மீ.-இல் நெருக்கி எடுத்து வெளியிடுவது வேறு. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவது நல்லது. கேமராவைச் சற்று உயர்த்திக் காட்டி, தலையைச் சாய்த்து, "ஷாஷின், ஈ தெசு கா?" (படம் எடுக்கலாமா?) என்று கேளுங்கள். முகத்துக்கு முன்னால் கை விசிறினாலோ கைகளைக் குறுக்கே வைத்தாலோ வேண்டாம் என்று பொருள். சிரித்துக்கொண்டே செய்வார்கள். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிரோனை வீட்டிலேயே விட்டு வாருங்கள். 100 கிராமுக்கு மேற்பட்டவை பதிவு செய்யப்பட வேண்டும், கூட்டம் கூடிய நிகழ்ச்சிக்கு மேலே பறக்கத் தனி அனுமதி வேண்டும்.

ஆகஸ்ட் 3, அகிதா

டோக்கியோவிலிருந்து கோமாச்சியில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இங்கே நடப்பது காந்தோ. மூங்கில் கழியில் குறுக்குக் கழிகள் கட்டி, அவற்றில் விளக்குகள் தொங்கவிட்டு, ஒரே ஆள் தூக்கி நிறுத்துவது. பெரியவர்கள் தூக்கும் 'ஓவாகா' 12 மீட்டர் உயரம், 50 கிலோ, 46 விளக்குகள். சிறுவர்களுக்கு 5 மீட்டர், 5 கிலோ, 24 விளக்குகள் கொண்ட 'யோவாகா'. விளக்குகளுக்குள் எரிவது மெழுகுவத்தி.

சாகசம் ஐந்து வகை. 'நகாஷி'யில் கழியைக் கையில் லேசாகப் பிடித்திருக்க, இன்னொருவர் அடியில் துணைக் கழி செருகுவார். 'ஹிராதே'யில் உள்ளங்கையில் உயர்த்துவார். பிறகு நெற்றி, தோள், இடுப்பு. இடுப்பில் நிறுத்துவதுதான் கடினம். உடல் பக்கவாட்டில் வளைந்து நிற்க, கைகளில் விசிறியும் குடையும் இருக்கும். கூட்டம் "தொக்கோய்ஷோ, தொக்கோய்ஷோ" என்று கத்திக்கொண்டே இருக்கும். துணைக் கழிகள் ஏற ஏற மூங்கில் வில்லாக வளையும், சிலசமயம் முறியும். விழும் கழியைத் தாங்கத் தெருவோரம் கயிறு கட்டியிருப்பார்கள். பார்வையாளர் அதற்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முழுச் சட்டகக் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, 10 மீட்டர் தள்ளி நின்றால், தரையிலிருந்து 12 மீட்டர் உச்சி வரை 35 மி.மீ. லென்ஸில் மட்டுமட்டாக அடங்கும். துணைக் கழி ஒன்று செருகினாலும் உச்சி வெட்டுப்படும். அதனால் 24-இல் வைத்துக்கொள்வதே புத்தி. செல்பேசியின் முதன்மை லென்ஸும் ஏறக்குறைய இந்த அகலம்தான்.

ஆனால் அந்தப் படத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். இருட்டில் தங்க நெற்கதிர் போல விளக்குகள், கீழே கறுப்பாக ஒரு மனிதன். அந்த மனிதன் ஏன் கறுப்பாகவே வருகிறான்? கழி நிமிர்ந்ததும் விளக்குகள் அவன் தலைக்கு மேலே பல மீட்டர் போய்விடுகின்றன. ஒரு விளக்கு 1 மீட்டரில் கொடுக்கும் வெளிச்சம் 5 மீட்டரில் 25-இல் ஒரு பங்குதான். முகத்துக்கு எதுவும் மிஞ்சாது.

ஆகவே முகம் வேண்டுமென்றால் கழி கிடக்கும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். தூக்குவதற்கு முன் கழியைச் சாய்த்து வைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். காற்றில் அணைந்ததை ஒவ்வொரு சுற்றுக்கு இடையிலும் மறுபடி ஏற்றுகிறார்கள். அப்போது முகம் விளக்கிலிருந்து இரண்டடியில் இருக்கிறது. ஒரு கை விளக்கின் காகிதக் கூட்டை மேலே தள்ளிப் பிடிக்க, இன்னொரு கை தீயை உள்ளே நீட்டும். விரலிடுக்கு வழியாகச் செம்மஞ்சள் ஒளி கன்னத்தில் விழும். காகிதத்தில் அந்தத் தெருவின் முத்திரை பின்னொளியில் தெரியும். ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 1.8, 1/125 வினாடி. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கேமரா மெழுகு மஞ்சளைத் திருத்த முயன்று தோலைச் சாம்பலாக்கும். 3200 முதல் 3500 கெல்வினில் பூட்டிவிடுங்கள்.

நெற்றியில் நிறுத்தும்போது குவியம் தவறும். ஆள் வானத்தைப் பார்த்திருப்பதால் கேமராவின் முகம் கண்டறியும் வசதிக்குக் கண்ணும் மூக்கும் கிடைக்காது. அது பின்னால் இருக்கும் விளக்கின் மீதோ அடுத்த ஆளின் மீதோ தாவும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, கழுத்தோரம் 'ஹாப்பி' மேலங்கியின் விளிம்பில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். அந்த விளிம்பு கறுப்பும் வெள்ளையுமாக மாறுபாடு கொண்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் உடனே ரயிலுக்கு ஓட வேண்டாம். சற்று நேரம் தெருவிலேயே கழிகளை நிறுத்தி, பார்வையாளர்களையும் அருகே விடுகிறார்கள். கேட்டுப் படமெடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. வியர்வையில் நனைந்து, கையில் தண்ணீர்ப் புட்டியோடு நிற்பவர்கள். "ஒத்ஸுகாரேசாமா தேஷிதா" என்று முதலில் சொல்லுங்கள். உழைத்துக் களைத்தவர்களுக்குச் சொல்லும் வார்த்தை அது, கேமராவைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஆகஸ்ட் 4, கோஷோகவாரா

அகிதாவிலிருந்து ஹிரோசாகிக்கு 'ஸுகாரு' விரைவு வண்டியில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கோனோ பாதை. வண்டிகள் குறைவு. சில நேராகப் போகும், சிலவற்றுக்குக் கவாபேயில் மாற வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் நீல நேரம், அதாவது சூரியன் மறைந்தபின் வானம் நீலமாக இருக்கும் சிறு பொழுது, போய்விடும்.

இங்கே நிற்பது தாச்சிநெப்புதா, நின்ற நெப்புதா. உயரம் சுமார் 23 மீட்டர், எடை 19 டன். மெய்ஜி காலத்தில் (1868-1912) ஊர்ப் பணக்காரர்கள் போட்டி போட்டு உயர்த்தியது. மின்கம்பி வந்த பிறகு உயரம் குறைந்து, நெடிய வடிவமே மறைந்துபோனது. 1990-களில் பழைய வரைபடம் ஒன்று கிடைத்து ஊர்க்காரர்களே கட்டிப் பார்த்தார்கள். 1998-இலிருந்து மறுபடி தெருவில் வருகிறது. இப்போது ஊர்வலத் தெருவில் கம்பிகள் எல்லாம் பூமிக்கடியில்.

பெரியவை மூன்று. ஆண்டுக்கு ஒன்று புதிதாகச் செய்து பழையதில் ஒன்றை விடுவிப்பார்கள். அவை ஆண்டு முழுக்க நிற்பது தாச்சிநெப்புதா அருங்காட்சியகத்துக்குள். திருவிழா மாலையில் கட்டடத்தின் ஒரு பக்கமே கதவாகத் திறந்து அவை வெளியே வரும். அந்தக் காட்சிக்கு 7 மணிக்கு ஒரு மணி நேரம் முன்பே எதிர்ப்புறம் நிற்க வேண்டும். 10 மீட்டரில் நின்றால் 24 மி.மீ.-இன் முழு உயரமும் தீர்ந்துவிடும், கட்டடங்கள் பின்னால் சாயும். 20 மீட்டர் தள்ளிப் போனால் 35 போதும், சாய்வும் குறையும்.

முகத்துக்கு இந்த ஊர் தாராளம். அகிதாவுக்கு நேர்மாறாக, இங்கே விளக்கு தரையிலிருந்தே தொடங்குகிறது. இழுப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் இரண்டு மாடி வீட்டு அகலத்துக்கு ஒளிச் சுவர். "யத்தேமாரே, யத்தேமாரே" என்று குரல் கொடுத்தபடி வரும் முரசடிப்பவர்களைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் பாதி முகம் ஒளியிலும் பாதி நிழலிலும் கிடைக்கும். நேர் எதிரே நின்றால் வெறும் நிழலுருவம்தான். 23 மீட்டரையும் ஒரு முகத்தையும் ஒரே படத்தில் அடக்க முயல்வதுதான் இங்கே எல்லாரும் செய்யும் தவறு. இரண்டும் கெடும். உச்சியை விட்டுவிடுங்கள். நெப்புதாவின் ஒரு கால் விரல் சட்டகத்துக்குள் வந்தாலே அளவு புரிந்துவிடும்.

ஆகஸ்ட் 5, ஹிரோசாகி

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அவோமோரியில் நெபுதா, மெல்லிய 'பு'. ஹிரோசாகியிலும் கோஷோகவாராவிலும் நெப்புதா, அழுத்தமான 'பு'. ஜப்பானிய எழுத்தில் ஒரு சிறு குறிதான் வித்தியாசம். தமிழில் அதைக் காட்ட ஒரு 'ப்' கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது. உள்ளூரில் மாற்றிச் சொன்னால் பணிவாகத் திருத்துவார்கள்.

இங்குள்ளவை பெரும்பாலும் விசிறி வடிவம். முன்பக்கம் 'ககாமிஎ' எனும் போர்க்காட்சி. பின்பக்கம் 'மிஒகுரிஎ', வழியனுப்பும் படம், பெரும்பாலும் சோகம் கலந்த ஒரு பெண் முகம். முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்புகிறவர்கள் பாதியை இழக்கிறார்கள். தாண்டிப் போகும் நெப்புதாவைத் திரும்பிப் பாருங்கள். அந்தப் பெண் முகத்தின் ஒளியில்தான் பின்னால் வரும் முரசும் குழலும் நடக்கின்றன. அவர்களுடைய முகங்கள் உங்களை நோக்கி, வெளிச்சத்தோடு. "யா யாதோ" என்ற குரல் தாழ்வாக, நிதானமாக வரும். அவோமோரியின் துள்ளல் இங்கே இல்லை. ஆகவே 1/60 வினாடி கூடத் தாங்கும், ஐ.எஸ்.ஓ. 1600-க்கு இறங்கலாம்.

1 முதல் 4 வரை தோதேமாச்சி வழி, 5, 6 ரயில் நிலைய முன்வழி. பழைய கடைத்தெருவின் நெருக்கம் வேண்டுமானால் 4-க்குள் வந்தாக வேண்டும். நிலையத்துப் பக்கம் தெரு அகலம், பின்னணியில் விளம்பரப் பலகைகள். அதை மறைக்க 85 மி.மீ.-ஐ எஃப் 1.8-இல் திறந்து வைப்பதே வழி.

குழந்தைகள் தங்கமீன் வடிவக் காகித விளக்கை ஏந்தி வருகிறார்கள். ஒளி மார்புயரத்தில் இருப்பதால் முகம் அருமையாக வரும். கையெல்லாம் துறுதுறுக்கும். ஆனால் கூட நடக்கும் பெற்றோரின் கண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்ட உடனே குழந்தை இரண்டு விரலைக் காட்டும். ஒன்று எடுத்து, திரையில் காட்டி, நன்றி சொல்லிவிட்டு, கேமராவை இறக்காமல் நில்லுங்கள். குழந்தை மறுபடி மீனைப் பார்க்கத் திரும்பும் நொடிதான் படம்.

ஆகஸ்ட் 6, அவோமோரி

காலையில் முதல் வேலை கடற்கரையோரம் ஆஸ்பாம் முக்கோணக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நெபுதாக் கொட்டகைகள் வரிசையாக இருக்கும் இடத்துக்குப் போவது. பெரிய நெபுதா ஒன்றுக்கு எல்லை 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம், வண்டியோடு 5 மீட்டர் உயரம். எடை சுமார் 4 டன். கம்பியால் எலும்பு, அதன்மேல் ஜப்பானியக் காகிதம், கறுப்பு மையால் கோடு, பிறகு உருகிய மெழுகு, கடைசியாகச் சாயம். அருகில் போய்ப் பார்த்தால் மெழுகு தடவிய இடம் எண்ணெய் பட்ட தாள் போலக் கண்ணாடியாகியிருக்கும். சாயம் அதில் ஏறாது. இரவில் புருவமும் செதிலும் வெண்கோடாகத் தெறிப்பது அதனால்தான். உள்ளே நூற்றுக்கணக்கில் பல்புகள். இப்போது பெரும்பாலும் எல்.இ.டி.

இந்த வெண்கோடுகள்தான் கேமராவை ஏமாற்றும். சராசரி அளவீடு இருட்டுத் தெருவைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், நெபுதாவின் கண்களும் பற்களும் வெறும் வெள்ளையாகும். கைமுறைக்கு மாறி 1/250, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200-இல் தொடங்கி, நெபுதா முகத்தின் வெள்ளையில் விவரம் தெரியும்வரை குறையுங்கள். வழக்கமாக ஒரு படி, அதாவது ஒளியில் பாதி. ரா கோப்பாக எடுத்தால் நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், போன வெள்ளை திரும்பாது.

சூரியன் மறைவது 7 மணிக்குச் சற்று முன். ஊர்வலமும் அதே நேரத்தில் கிளம்புகிறது. முதல் 25 நிமிடம் வானம் நீலமாக இருக்கும். பிறகு கறுப்பு. பாதை ஏறக்குறைய 3 கி.மீ. வளையம். ஷின்மாச்சி கடைத்தெரு குறுகல், முகங்களுக்கு அது. தேசிய நெடுஞ்சாலைப் பக்கம் அகலம், நெபுதா முழு உருவம் சுழல்வதற்கு அது. மூலைகளில் நெபுதா வளைந்து திரும்பும், கூட்டத்தை நோக்கிக் குனியும். ஆனால் நல்ல மூலைகள் மதியமே விரிப்புப் போட்டு இடம்பிடிக்கப்பட்டுவிடும். விரிப்பு ஆளில்லாமல் கிடந்தாலும் இடம் அவர்களுடையதுதான். அதன் முன்னால் நிற்பதும், ஏணி போட்டு ஏறுவதும் வெளியூர்ப் படக்காரர்களின் பெயரைக் கெடுத்த பழக்கங்கள்.

இங்கே யாரை எடுப்பது? எல்லாரும் ஹானெதோக்களை, துள்ளி ஆடுபவர்களை, துரத்துகிறார்கள். பூத்தொப்பி, யுகாதா, குறுக்கே கட்டிய துணி, மணிகள், ஒவ்வொரு காலிலும் இரண்டு துள்ளல், "ரஸ்ஸேரா, ரஸ்ஸேரா". உடையை வாடகைக்கு எடுத்தால் யாரும் சேர்ந்து ஆடலாம். அவர்கள் பொதுவாக நெபுதாவுக்கு முன்னால் வருவதால் வெளிச்சம் முதுகில். துள்ளலின் உச்சியில் உடல் ஒரு கணம் நிற்கும். அப்போது 1/160-உம் போதும். கீழே வரும்போது 1/250-உம் குழம்பும். உதிரும் மணியை எடுத்துக்கொள்வது அதிர்ஷ்டம் என்பார்கள், குனியும்போது அடுத்த வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு விசிறிக்காரர். 4 டன் வண்டியைத் தள்ளுபவர்களுக்கு முன்பார்வை கிடையாது. விசிறியும் ஊதலும் வைத்து ஒருவர் முன்னால் நின்று அதைத் திருப்புகிறார், நிறுத்துகிறார், கூட்டத்தை நோக்கிப் பாயவிடுகிறார். அவர் நெபுதாவைப் பார்த்து நிற்பவர். அத்தனை பல்புகளின் ஒளியும் ஒரே முகத்தில். தெருவோரத்தில், அவர் பக்கவாட்டு முகம் தெரியும்படி நின்று, 85 மி.மீ.-இல் காத்திருங்கள். ஊதல் வாயில், கன்னம் உப்பி, விசிறி காதுக்கு மேலே. நெபுதா சட்டகத்தில் சிவப்பு மங்கலாக மட்டும் வந்தால் போதும்.

மழை வந்தால் நெபுதாவுக்குப் பிளாஸ்டிக் உறை போர்த்துவார்கள். தெருவிளக்குகள் அதில் பளபளக்கும். போலரைசர் கொஞ்சம் தணிக்கும், ஆனால் ஒன்றரைப் படி ஒளியைத் தின்னும். அப்படிப்பட்ட இரவில் நெபுதாவை விட்டுவிட்டு, நனைந்த தார்ச்சாலையில் தெரியும் அதன் நிறத்தையும் கால்களையும் எடுப்பதே லாபம்.

விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ நெபுதாப் படத்தைப் பயன்படுத்த முன்அனுமதி வேண்டும். அது செய்தவருடைய படைப்பு.

ஆகஸ்ட் 7, அவோமோரி

கடைசி நாள் ஊர்வலம் பகலில், மதியம் 1 மணிக்கு. விளக்கில்லாத நெபுதா வெளிறித் தெரியும். சிலர் வருவதே இல்லை. ஆனால் இந்த ஒரு நாள்தான் நெபுதாவின் தயவில்லாமல் முகங்கள் கிடைக்கும். உச்சி வெயிலில் தொப்பியின் நிழல் கண்ணை மறைக்கும் என்பதால் கட்டட நிழல் விழும் பக்கம் நில்லுங்கள். ஆறு நாள் கத்திய தொண்டை, பிளாஸ்டர் ஒட்டிய விரல், முரசுக் கோலில் சுற்றிய துணி எல்லாம் பகலில்தான் தெரியும்.

பகல் ஊர்வலம் முடிந்து இரவு நிகழ்ச்சி தொடங்கும்வரை சில மணி நேரம் கிடைக்கும். முந்தைய இரவு பேசிப் படமெடுத்த குழு இருந்தால், கடைத்தெருவில் உள்ள கொன்பினி எனும் சிறு பலசரக்குக் கடையின் நகல் இயந்திரத்தில் சில பத்து யென்னுக்கு ஒரு படம் அச்சிட்டு, கொட்டகைக்கே எடுத்துப்போய்க் கொடுக்கலாம். அந்த நேரத்தில் அவர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அதன் பிறகு எடுக்கும் படங்களுக்கு யாரும் விரல் காட்டமாட்டார்கள்.

இரவு, பரிசு பெற்ற நெபுதாக்கள் படகேறிக் கடலில் போகும், மேலே வாணவேடிக்கை. முக்காலி இன்றுதான் வெளியே வரும். வாணத்துக்கு வழக்கமான ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, ஐந்தாறு வினாடி என்று வைத்தால் வாணம் கச்சிதமாகவும் படகு கஞ்சியாகவும் வரும், ஏனென்றால் படகு நகர்கிறது. நேரத்தை அரை வினாடிக்குக் குறைத்து, வாணம் விரிந்த பிறகு அழுத்துங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முன்னதாகப் பார்த்து, புகை நம் பக்கம் வராத இடத்தில் நிற்க வேண்டும். இடம் மாறப் பிறகு வழியிருக்காது. முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் நிலையத்துக்கு நடக்கும். முக்காலியின் கால்களை மடக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். ஹிரோசாகி வண்டியில் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும்.